வைஃபை கொண்டுவந்த அமைதி

பனியன் கம்பெனிகள் நிறைந்த இந்த மண்ணரையில் என் வாடகை அறைக்குள் நுழைந்தால் கைபேசி ஊமையாகிவிடும். ஊரில் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் உப்பளத்து ஊரில் படுத்தபடியே பேசலாம். சிக்னலுக்குக் குறுக்கே நிற்க அங்கே உப்புக் குவியலைவிட உயரமாக ஒன்றுமில்லை. இங்கே எங்கள் லைன் வீட்டை மறைத்துக்கொண்டு மூன்று மாடிப் பனியன் கம்பெனி நிற்கிறது. அதனால் வேலை விட்டு வந்ததும் எல்லாரும் தெருவுக்கு வந்துவிடுவோம். ஒருவன் இந்தியில் சிரிப்பான். ஒருவன் ஒடியாவில் சண்டை போடுவான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி, ஆளுக்கொரு ஊரில் நிற்போம்.

என் ஊரில் செல்வி இருந்தாள். என் மனைவி, பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். பல வருடம் கூப்பிட்டும் வராதவள், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, பொங்கல் கழிந்ததும் வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். பஸ் ஹாரனும் நிட்டிங் மெஷின் இரைச்சலும் பையன்களின் சிரிப்பும் என் குரலோடு சேர்ந்தே அவளிடம் போகும். “திருவிழாவுக்குள்ள நின்னா பேசுதிய?” என்று கேட்பாள். அந்தத் திருவிழாவுக்குத்தான் அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மழை. குடைக்குள் நின்று பேசிவிட்டுத் திரும்பும்போது வீட்டுக்கார அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்ணா, ரோட்ல நின்னுதான் பேசோணுமா?”

சத்தம் போடுகிறேன் என்று கடிந்துகொள்வதாக நினைத்துவிட்டேன். “இனிமே தள்ளி நின்னு பேசுதேன்க்கா.”

“நல்லாத் தள்ளி நிப்பீங்க, காய்ச்சல்ல படுக்கறதுக்கு! அதுக்கில்லீங்ணா. எங்கூட்டு வைஃபைல சேத்துடறேன், கொண்டாங்க. டவர் கெடைக்காட்டி அது வழியா போன் போகுமுங்க. அதே நம்பர்தான்.”

கீழே இறங்கி வந்து, கைபேசியை வாங்கி ஏதோ அழுத்திக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக, கதவைச் சாத்திக்கொண்டு என் பாயில் உட்கார்ந்து செல்வியைக் கூப்பிட்டேன். அவள் மூச்சு காதோரம் கேட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று எனக்கு மகிழ்ச்சி. அவளுக்கு அப்படி இல்லை.

“எங்க இருக்கிய?”

“ரூம்லதான்.”

“ஒரு சத்தத்தையும் காணும்?”

“உள்ள இருந்து பேசுதேன்லா. தெளிவா இருக்குல்ல?”

மின்விசிறி கிரீச்சிட்டது. அந்தக் கிரீச்சையும் வைஃபை ஒரு பிசிறில்லாமல் கொண்டுபோய் அவளிடம் சேர்த்திருக்க வேண்டும்.

“தெனமும் இப்படியா?” என்றாள். “நீங்க கம்பெனிக்குப் போன பெறவு, நான் இந்தச் செவுத்துகூடயா பேசிட்டு இருப்பேன்? வேணாங்க. நான் வரல. நீங்க வந்துருங்க.”

அங்கே உப்பளத்தில் எனக்கு இனி வேலை இல்லை. இங்கே எனக்கு இனி செல்வி இல்லை. பதற்றத்தில் எழுந்து கதவைத் திறந்தேன். “இரு, செல்வி, வெளிய வாரேன். கேளு, எவ்வளவு சனம் பாரு” என்று பேசிக்கொண்டே நடந்தேன். கேட்டைத் தாண்டும் இடத்தில் அவள் குரல் துண்டு துண்டானது. வைஃபை கைவிட்டுவிட்டது, டவர் இன்னும் கைகொடுக்கவில்லை. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் தெருவிலுமாக நின்று, “கேக்குதா? கேக்குதா?” என்று கத்திக்கொண்டிருந்தேன். தெரு முழுக்கச் சத்தம்.