தானே நகர்ந்த ஐஸ் பாளம்

ரங்கூனில் மூட்டை தூக்கியவர்கள் ஆயிரம் பேர். நான் ஐஸ் தள்ளியவன். அலோன் படகுத்துறையில் ஒரு ஐஸ் கிட்டங்கி. நாங்கள் நாலு பேர் பெரிய பெரிய பாளங்களைச் சரிவான தரையில் தள்ளி, வாசலில் நிற்கும் மீன் படகுகளில் ஏற்றுவோம்.

அந்தக் கோடையில் எங்கள் மேஸ்திரி, தரையில் தண்ணீர் நின்றால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்று, அதை ஆற்றுக்கு வடிக்க ஒரு துளை போட்டார். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். மறுநாள் நாலு பேரும் மூச்சு முட்டத் தள்ளியும், தண்ணீர் வடிந்து மரத்தூள் அப்பிய தரையில் பாளம் மாமனார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. படகுகள் வேறு கிட்டங்கிக்குப் போய்விட்டன. நாளைக்கும் இப்படியென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்றார் மேஸ்திரி.

என் மனைவி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருந்தாள். வேலையில்லாதவனாக எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது?

மறுநாள் காலையில் யாருக்கும் சொல்லாமல் துளையில் ஒரு சாக்கைத் திணித்தேன். போக வழியில்லாத தண்ணீர் பாளங்களுக்கு அடியில் பரவியது. பிறகு ஒற்றை ஆள் தள்ளினாலே நகர்ந்தன. சந்தோஷத்தில் சாக்கை மறந்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், ஒரு பாளம் யாரும் தொடாமலே வழுக்கி வந்து மேஸ்திரியின் நாற்காலியை முட்டிக்கொண்டு நின்றது. நல்லவேளை, நாற்காலி காலி. பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சாக்கை உருவினார். தண்ணீர் வடிந்ததும் அடுத்த பாளம் நகர மறுத்தது. மறுபடி அடைத்தார், சற்று நேரத்தில் நகர்ந்தது. சிரித்துவிட்டார்.

ஐஸ் வாங்க வந்திருந்த நாகூர்க்காரரான ஒரு கப்பல் சமையற்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடக்குச் சீமையில மலைமேல ஊர் பெருசுக்குப் பனி கெடக்கும். கோடையில உருகுன தண்ணி அடியில எறங்குனா, அதுவும் இப்படித்தான் வேகமா நகருமாம்" என்றார்.

அத்தனை பெரிய பனிக்கும் என் சாக்கின் கதைதான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தள்ளும்போது அடைப்பதும், தள்ளி முடிந்ததும் திறப்பதும் இனி உன் பொறுப்பு என்றார் மேஸ்திரி.

மனைவி வந்து இறங்கியதும் அவள் கையில் ஒரு ஐஸ் துண்டை வைத்தேன். இறுக்கிப் பிடித்தும் வழுக்கி விழுந்தது.

"என்னங்க, நிக்காம ஓடுது?"

"அத ஓட வைக்கிறதுதான் என் வேலை."

வேலை என்பதை அழுத்திச் சொன்னேன். அது போக இருந்த கதை அவளுக்குத் தெரியாது.