இரண்டு தொட்டில் கட்டியவன்

நான்கு வருடங்களுக்கு முந்திய, பனி கொட்டிய ஒரு மாரிகாலம். டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற சின்ன ஊரில் நானும் மனைவியும் இருந்தோம், இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். எனக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கலியாணமாகி ஏழு வருடமாகியும் பிள்ளை இல்லை. கொண்டாட்ட வீடுகளுக்குப் போனால் யாராவது "இன்னும் ஒண்டுமில்லையோ?" என்று ஆரம்பிப்பார்கள். அதனால் சாப்பாடு போடும் நேரம் பார்த்துப் போய், கை கழுவிய ஈரம் காய முன்னமே கிளம்பிவிடுவோம்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்கினார்கள். அவளுக்குக் கருமுட்டை ஒழுங்காக வளருவதில்லை. முதலில் மாத்திரை கொடுத்தார்கள். அது சரிவராமல் போக, தினமும் வயிற்றில் போடும் ஊசிக்கு மாற்றினார்கள். ஊசி போடும் பொறுப்பைப் பெரிய வீரனாக நான் ஏற்றுக்கொண்டேன். முதல் நாளே ஊசியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடமாகக் குறிப்புத் தாளையே திரும்பத் திரும்ப வாசித்தேன். "தாங்கோ இஞ்ச, நானே போடுறன்" என்று அவள் பறித்துப் போட்டுக்கொண்டாள்.

இந்த ஊசிக்கு இரட்டைப் பிள்ளைகள் கிடைப்பதுண்டு என்று கனடாவில் இருக்கும் அக்கா தொலைபேசியில் சொன்னதுதான் தாமதம், எனக்கு ஆசை பிடித்துவிட்டது. மனைவிக்கு வயது முப்பத்தெட்டு. ஒன்றைப் பெற்றுவிட்டு அடுத்ததற்கு மறுபடியும் இந்த அலைச்சலா? அதைவிட ஒரு பயமும் இருந்தது. இந்த நாட்டில் எங்களுக்குச் சொந்தமென்று ஒருவரும் இல்லை. எங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளை தனித்துப் போய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

நாங்கள் பிறந்த ஊரில் பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் சின்னத் தொட்டில் கட்டுவார்கள். இங்கே பனிக்குள் எந்த மரத்தைத் தேடுவது? இங்குள்ள எங்கள் பிள்ளையார் கோயிலில் அதற்கென்று மண்டபத்துக்குள்ளேயே ஒரு கம்பி இருக்கிறது. அதில் நான் இரண்டு தொட்டில் கட்டினேன். ஐயர் என்னைப் பார்த்து, "ஒண்டு கட்டினால் காணுமே தம்பி" என்றார். "ரெண்டு வேணும் ஐயா" என்று துணிவாகச் சொன்னேன். மனைவி பக்கத்தில் பேசாமல் நின்றாள். அவளுக்கும் சம்மதம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த ஸ்கானில் நான்கு முட்டைகள் முற்றி நின்றன. எனக்கு வாயெல்லாம் பல். டொக்டர் சிரிக்கவில்லை. இந்த மாதம் சிகிச்சையை நிறுத்துகிறோம், சில நாட்களுக்குப் பாதுகாப்பில்லாமல் சேரவும் வேண்டாம் என்றார். இரண்டு, மூன்று என்று தங்கிவிட்டால் பிள்ளைகள் நுரையீரல் முற்ற முன்பே பிறந்துவிடலாம், தாய்க்குப் பிரஷர் ஏறும், இரத்தம் போகும், அவளுக்கு ஏற்கெனவே கொஞ்சம் பிரஷர் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை பேர் இரட்டையைப் பெற்று நன்றாக வளர்க்கவில்லையா, நாங்கள் விரும்பித்தான் கேட்கிறோம், வருவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் வாதாடினேன். டொக்டர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அதுவரைக்கும் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவருமே கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அவள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் ரெண்டு பிள்ளை, மூண்டு பிள்ளை எண்டு எண்ணுறியள். நான் ஒராள்தானே இருக்கிறன். எனக்குப் பயமாயிருக்கு."

ஏழு வருடத்தில் அவள் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. காருக்குள் வந்து, ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் பையில் இருந்த இனிப்புப் பணிஸை எடுத்துப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். "இனி ரெண்டு கேக்கமாட்டியள்தானே?" என்றாள். "கேக்கமாட்டன்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஒரு தொட்டிலை அவிழ்த்துவிட்டேன். கேட்ட வரத்தைக் குறைக்கச் சொல்லிப் பிள்ளையாரிடம் மன்றாடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒன்று தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி, இவளை எனக்கு விட்டுவிடப்பா என்று மனதாரக் கும்பிட்டேன்.

மருந்தின் அளவைக் குறைத்தார்கள். சில மாதங்கள் கழித்து ஒரே ஒரு முட்டை வளர்ந்தது, அதுவே தங்கியது. கடைசி மாதத்தில் டொக்டர் சொன்ன அந்தப் பிரஷர் வந்தே விட்டது. அவசரமாக மருந்து ஏற்றி வலியை வரவைத்தார்கள். அறைக்குள் ஒருவர் மாறி ஒருவர் ஓடி வந்தார்கள். நான் அவளுடைய கால்மாட்டில் நின்று, குளிர்ந்துபோன பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மகள் பிறந்து, வீரிட்டு அழுதாள். தாயும் தப்பினாள். ஒரு பிள்ளைக்கே இந்தப் பாடு. இரண்டென்றால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகள் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வாள். தலைமுடி வாரி இழுக்க விடமாட்டாள், அதனால் காலையில் தாய்க்கும் மகளுக்கும் தினமும் போர்தான். பிள்ளை தனித்துப் போய்விடுமோ என்று பயந்தே அவளைத் தாயில்லாப் பிள்ளையாக்கப் பார்த்தவன் நான். அதனால்தான் வேலைக்குப் பிந்தினாலும், அவர்கள் இருவரும் சண்டை பிடிக்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் வாசலில் நின்று ஆசை தீரக் கேட்டுவிட்டுப் போகிறேன்.