தனி வந்ததும் எழுந்து போனவங்க

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு எஸ்டிடி பூத்... கதவ சாத்தினா மூச்சு முட்டும், திறந்தா பஸ் ஹாரன். ரிசீவர் பூரா தேங்காய் எண்ணெய் வாசனை.

நேத்திலேர்ந்து எனக்கு கால் தரையில படல, அதான் இங்க வந்து கொட்டறேன். எல்லாம் அந்த பூத்லதான் ஆரம்பிச்சுது.

தஞ்சாவூர்ல ஒரு சின்ன பேப்பர்ல டிரெய்னியா சேர்ந்த புதுசு. கச்சேரி விமர்சனம் எழுதறவருக்குக் காய்ச்சல்னு பட்டுக்கோட்டைக் கச்சேரிக்கு என்னை அனுப்பிட்டாங்க. அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு கல்யாண நியூஸ்ல மாப்பிள்ளை பேரையும் மாமனார் பேரையும் மாத்திப் போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டிருந்தேன். "இன்னொரு தப்பு வந்தா வேலை கன்ஃபர்ம் கிடையாதும்மா"ன்னுட்டார் எடிட்டர்.

எங்க வீட்ல நடவுக்கும் அறுப்புக்கும் போகாம பேனா பிடிச்சு சம்பளம் வாங்கின முதல் ஆள் நான். அப்பா தெரு முழுக்கச் சொல்லி வச்சிருந்தார். வேலை போச்சுன்னா அவர் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?

ராகம்லாம் எனக்கு அரைகுறை. அதனால கண்ணுல பட்டத எழுதிக்கிட்டேன். தனின்னு ஒண்ணு வரும்ல... பாடறவர் நிறுத்திட்டு மிருதங்கம் மட்டும் வாசிக்கிற இடம். அது ஆரம்பிச்சதும் பாதிக் கூட்டம் காபிக்குக் கிளம்பிடுச்சு. பாட்டு மறுபடி சேர்ந்ததும் திரும்பி வந்துச்சு. அந்த பூத்லேர்ந்து ஆபீஸுக்குப் போன் போட்டு அதையே சொன்னேன்.

எடுத்தவர் டெஸ்க்ல இருந்த சேகர் அண்ணன். தங்கமான மனுஷன், காது மட்டும் கொஞ்சம் மந்தம். லைன்ல வேற கொரகொரன்னு சத்தம். அன்னிக்குப் பட்டுக்கோட்டையிலேர்ந்து ஒரு கட்சிக் கூட்டத்து நியூஸும் வரவேண்டியிருந்துச்சாம். கூட்டணியா, தனியான்னு ஊரே பேசிக்கிட்டிருந்த எலெக்‌ஷன் நேரம்...

மறுநாள் பேப்பரப் பிரிச்சா, அரசியல் பக்கத்துல கொட்டை எழுத்துல: "தனி என்றதும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீண்டும் சேர்ந்ததும் திரும்பி வந்தார்கள்."

போச்சுடா.

ஆபீஸ் போனா அந்தக் கட்சியோட மாவட்டச் செயலாளர் எடிட்டர் ரூம்ல உக்காந்திருக்கார். கூட அஞ்சாறு வெள்ளை வேட்டி.

"யாரும்மா எழுதினது? எங்க கூட்டத்துல ஒருத்தர்கூட எழுந்து போகலையே."

"ஐயா... அது மிருதங்கம்ங்க."

விஷயத்த முழுசா சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. "சரி, ஏன் எழுந்து போனாங்க?"ன்னார்.

என் வாய் சும்மா இருக்குமா? "பாட்டுன்னா கூடவே முணுமுணுக்கலாம்ங்க. தனியில அவங்களுக்கு வேலை இல்ல. உங்க கூட்டத்துலயும் அப்படித்தாங்க. மேடையில இருக்கறவங்க பேர வரிசையா படிக்க ஆரம்பிச்சதும் டீக்கடைக்குப் போயிடறாங்க."

எடிட்டர் கண்ண மூடிக்கிட்டார்.

மாவட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். "இந்தப் பொண்ண விட்றாதீங்க"ன்னு எடிட்டர்கிட்ட சொல்லிட்டுப் போனார். மறுநாள் பேப்பர்ல வருத்தம் போட்டாங்க. எனக்கு வேலை கன்ஃபர்ம் ஆச்சு!

ரெண்டு வருஷம் கச்சேரி எழுதினேன். அப்புறம் மாவட்டம் கூப்பிட்டார், பேப்பர விட்டுட்டு அந்தப் பக்கம் போயிட்டேன். இப்ப அதுக்கு ஸ்ட்ராட்டஜிஸ்ட்னு பேரு. அப்ப என் வேலை, நாகூர்லேர்ந்து திருப்பனந்தாள் வரைக்கும் கூட்டத்துல கடைசி வரிசையில உக்காந்து, எந்த வரியில ஜனம் எழுந்திருக்குன்னு குறிக்கிறது. அடுத்த ஊர்ல பேச்ச அந்த இடத்துல வெட்டிடுவோம்.

போறவங்க ஏதாவது சொல்லிட்டுப் போவாங்க. "காலையில களையெடுப்பு இருக்கு, வா போவோம்"... "போன தடவையும் இதையேதான் சொன்னாரு"... அதையும் குறிச்சேன். நோட்டு நோட்டா சேர்ந்துச்சு. கட்சிக்கு அதுல ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஒரு நாவல் ஆச்சு.

நேத்து தஞ்சாவூர்ல ரிலீஸ். முதல் தடவையா நான் மேடையில, ஜனம் எதிர்ல. முன் வரிசையில அப்பா. ஒருத்தர் எழுந்து போனாக்கூட உடைஞ்சிடுவேன்னு தெரியும். முதல் பக்கம் படிச்சு முடிக்கல, கடைசி வரிசையில ஒருத்தர் எழுந்துட்டார்.

என் கை தானா பேனாவத் தேடுச்சு...

அவர் வாசலுக்குப் போகல. நேரா முன்னாடி நடந்து வந்து அப்பா பக்கத்துச் சேர்ல உக்காந்தார். தலை பூரா நரைச்ச சேகர் அண்ணன்.

"பின்னாடி சரியா கேக்கலம்மா. முதல்லேர்ந்து படி."

அன்னிக்கு அவருக்குக் கேக்காததாலதான் எனக்கு இவ்வளவும் கிடைச்சுது. நேத்து முதல் வரியிலேர்ந்து மறுபடி படிச்சேன், கொஞ்சம் சத்தமா.