ஞாயிற்றுக்கிழமை அடித்த போன்

போன மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் எஸ்டேட்டில் பேரிடர் முன்னேற்பாடு என்று ஒரு கூட்டம் போட்டார்கள். வந்த அதிகாரி சாட்டிலைட் போன் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கம்பி வேண்டாம், டவர் வேண்டாம், மலையே சரிந்தாலும் பேசலாம் என்றார். கை தட்டினார்கள். நான் எழுந்து, "அது எங்க இருக்கும் சார்? பூட்டி வைப்பீகளா? சாவி ஆருகிட்ட இருக்கும்?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்று எனக்குப் பேர் உண்டு. ஆனால் அன்று கேட்டது பயத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

எழுபதுகளில் நான் மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் பாக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாங்கள் குடியிருந்த லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, மேல் டிவிஷனில், மேட்டில் இருந்தது. அக்காவைக் கீழ் டிவிஷனில் கட்டிக்கொடுத்திருந்தோம். அங்கே லயங்கள் ஓடையை ஒட்டியே இருந்தன. நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டு டிவிஷன் ஆபீசுக்கும் நடுவே மரத்துக்கு மரம் கட்டிய ஒற்றைக் கம்பியில் ஒரு போன் ஓடியது. கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பக்கம் மணி அடிக்கும். மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். ஆபீஸ் கணக்கெழுதும் ரைட்டரும் மேனேஜர் துரையும் தவிர யாரும் தொடக்கூடாது.

மழை வலுத்தால் நான் ஓடையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பார்க்காவிட்டால் சோறு இறங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஓடையிலோ கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. இவ்வளவு மழைத் தண்ணீரும் எங்கே போகிறது? மேலே ஏறிப் பார்த்தேன். சரிவு இடிந்து, மண்ணும் மரமுமாக ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் குளமாகத் தேங்கி நின்றது. மண்ணின் இடுக்குகளில் கசிவு தொடங்கியிருந்தது. அது உடைந்தால் முதலில் போவது கீழ் டிவிஷன்.

ஓடினேன். ரைட்டர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஓடைய மண்ணு மறிச்சிருச்சு. கீழ போன் பண்ணுங்கய்யா. எல்லாத்தையும் மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க."

"ஒனக்கு எப்பவும் இதே பாட்டுதானப்பா? போன மாசம் பாறை உருளப்போவுதுன்ன. உருண்டுச்சா?"

"கண்ணால பாத்தேன்யா."

"தொரைகிட்ட சீட்டு வாங்கிட்டு வா. ஞாயித்துக்கெழம ஆபீசத் தெறந்தேன்னு என் சீட்டக் கிழிக்கவா?"

பங்களா கேட்டுக்கு ஓடினேன். துரை தூங்குகிறார், எழுப்ப எனக்கு உத்தரவில்லை என்றார் காவல்காரர். திரும்பி வந்து ரைட்டரின் காலில் விழுந்தேன். அப்படி விழுந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. முணுமுணுத்துக்கொண்டே கை கழுவினார், சாவியைத் தேடினார், குடையைத் தேடினார். ஒருவழியாகப் பெட்டியைத் திறந்து கைப்பிடியைச் சுற்றினார். எடுக்கவில்லை. மறுபடி சுற்றினார். எடுக்கவில்லை. நானே பிடுங்கிச் சுற்றினேன்.

"அங்க ஆரு இருப்பா? கீழ் ரைட்டர் பூட்டிட்டு மூணாறு போயிருப்பாரு" என்றார் நிதானமாக.

"இது மொதல்லயே தெரியுமாய்யா?"

"நீ கேக்கலியே."

அதற்கு மேல் நிற்கவில்லை. குறுக்குவழியில் சறுக்கியும் விழுந்தும் இறங்கினேன். பாதி வழியில் மலை இருமுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஓடை ஓரத்து லயத்தில் பாதி இல்லை. அக்கா ஆபீஸ் மேட்டுக்குக் கீழே ஒரு கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மச்சானை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மூன்றாம் நாள் கண்டெடுத்தோம்.

காரியம் முடிந்த பிறகுதான் அக்கா சொன்னாள்.

லயத்துக் கூரை ஒழுகும் என்பதால் மழை நாளில் பெண்கள் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து அரிசி புடைப்பார்கள். அன்றும் நாலு பேர் இருந்திருக்கிறார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் போன் அடித்திருக்கிறது.

"அடிச்சது, நின்னது, மறுபடி அடிச்சதுடா. தொரைச்சாணிக்குக் கோழி வேணும்போலனு ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரிச்சோம். சன்னல்ல கண்ணாடி கெடையாது, பெட்டிக்கும் அன்னைக்குப் பூட்டுப் போடல. கைய விட்டா எட்டுற தூரம். எங்களுக்கு வந்ததுன்னு எங்களுக்கு எப்படிறா தெரியும்?"

என் அக்காளை எச்சரிக்கத்தான் அந்த மணி அடித்தது. ஆனால் அவள் பிறந்ததிலிருந்து எந்த மணியும் அவளுக்காக அடித்ததில்லை. வேலைக்குக் கூப்பிட சங்கு ஊதினார்கள். உயிரைக் காப்பாற்றக் கூப்பிட ஒரு வழியும் வைக்கவில்லை.

பிறகு கம்பெனியிலிருந்து ஒருவர் விசாரணைக்கு வந்தார். கம்பி அறுந்திருந்ததா என்று முதலில் கேட்டார். மணி அடித்தது என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நான் மறக்கவே மாட்டேன். கருவி நல்ல நிலையில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அக்காவிடம், "போன் அடிச்சா எடுத்திருக்க வேண்டாமா, அம்மா?" என்றார்.

"எடுக்கவாங்கய்யா? ஆபீஸ் கூட்டுறவ தூசி தொடைக்கயில அதக் கையில தூக்கிட்டானு மூணு நாளு வேலையில்லன்னு நிறுத்தினீக. பேசக்கூட இல்லய்யா, தூசி தொடச்சா. எடுத்தா வேலை போவும். எடுக்கலேன்னா புருசன் போவான். எதைன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அதை எழுதவில்லை. எழுதியது வேறு. வாக்குமூலம் என்று தமிழில் ஒரு தாளை எங்கள் ரைட்டர் கொண்டுவந்து, மைப்பெட்டியைத் திறந்து வைத்து, அக்காவின் கட்டைவிரலைக் கேட்டார். நான் தாளை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'அறியாமையினால் தொழிலாளிகள் போனை எடுக்கத் தவறிவிட்டார்கள்' என்று இருந்தது.

"அறியாமைன்னா என்னடா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்காக."

அக்கா கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை இறுக மூடிக்கொண்டாள். "வச்சிரு தாயி, நஷ்டஈடு கெடைக்கும்" என்றார் ரைட்டர். அவள் எழுந்து, மையையும் தாளையும் அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். வழியெல்லாம் அவள் அந்தக் கையைத் திறக்கவே இல்லை.