மூன்று குருவித் தோரணம்

யாழ்ப்பாணத்தில் சண்டையும் பொருளாதாரத் தடையுமாய், கரண்டும் இல்லாமல், பற்றரி வாங்கவும் வழியில்லாமல் இருந்த காலத்தில் நாங்கள் டிஸ்கோ நடத்தினோம் என்று சொன்னால் என் மனைவியே நம்புகிறாள் இல்லை. அவளுக்கும் நான் முழுக் கதையைச் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தால், ஒரு தாய் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது கண்ணுக்குள் வரும். பிறகு வேறு எதையாவது கதைத்துச் சமாளித்துவிடுவேன்.

நாங்கள் என்றால் முக்கியமாக இரண்டு பேர். நான் அரியாலைப் பெடியன், வயது பத்தொன்பது. மற்றவன் குருநகரில் இருந்து வருபவன், டியூட்டரியில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருப்பவன். பைலாப் பாட்டும் ஆட்டமும் என்றால் அவனுக்கு உயிர்; கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதும்போதுகூட மேசைக்குக் கீழே அவன் கால் சும்மா இருக்காது. என்னிடம் ஒரு ரேடியோ கசெற் இருந்தது. வெளிநாட்டில் இருந்த சித்தப்பா முந்தி அனுப்பிய நாலு டிஸ்கோ கசெற்றும் இருந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆளில்லாத ஒரு வீட்டின் பூட்டுக்குத் திறப்பு என்னிடம் இருந்தது.

அந்த வீடு எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த ஒரு மாமியுடையது. சொந்த மாமி அல்ல, சின்ன வயதில் இருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். புருசன் செத்துப்போனார். ஒரே மகன் ஏஜென்சிக்காரனை நம்பிக் கனடாவுக்கு வெளிக்கிட்டான். தனியே இருக்கப் பயந்து மாமி கொடிகாமத்தில் மகளோடு போய் இருந்தார். போகும்போது திறப்பை என் கையில் தந்து சொன்னார்: “தம்பி, வீட்டை ஆர் உடைச்சாலும் பரவாயில்லை. என்ரை பிள்ளையின்ரை கடிதம் வந்தால் மட்டும் அந்த நிமிசமே கொண்டு ஓடி வா.”

“ஓம் மாமி, நீங்கள் யோசிக்காமல் போங்கோ” என்றேன். பெரிய மனிசன் மாதிரித்தான் சொன்னேன்.

நாலு மாதமாகக் கடிதம் வரவில்லை. வழியில் எங்கோ ஆட்களோடு ஒரு கப்பல் கடலில் தாண்டுபோனதாம் என்று ஊரில் கதை உலாவியது. அந்தக் கதை மாமியின் காதுக்கும் போயிருந்தது.

எங்கள் கூத்துக்கு வருகிறேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லோடு டைனமோவைப் பூட்டி, அதில் இருந்து ரேடியோவுக்கு வயர் இழுப்போம். ஒருவன் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றவேண்டும். அவன் கை சோர்ந்தால் பாடுகிற பெண்ணின் குரல் ஆம்பிளைக் குரலாகிவிடும். “டேய், அவளுக்குத் தடிமன் பிடிச்சிட்டுது, கெதியாய்ச் சுத்து” என்று யாராவது கத்துவார்கள். எங்களிடம் ஒரு சட்டம் இருந்தது: ஆடியவன் அடுத்த பாட்டுக்குச் சுத்த வேண்டும், பெண் பிள்ளைகள் உட்பட. சுத்தமாட்டேன் என்றால் அடுத்த முறை அழைப்பு இல்லை.

பெடியன்கள் எட்டுப் பேர், பெட்டைகள் ஐந்து பேர். எல்லோரும் விசேச வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கொப்பியோடு வருவார்கள். ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்துவிடுவோம். யன்னல்களில் பாயைக் கட்டுவோம். பாட்டுச் சத்தத்தைவிடச் சீமெந்து நிலத்தில் வெறுங்கால் அடிக்கிற சத்தம்தான் கூட. அப்படி ஒரு சந்தோசத்தை நான் பிறகு எந்தக் கலியாண மண்டபத்திலும் காணவில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

இரண்டு முறை பிழையில்லாமல் நடந்தது. மூன்றாம் முறைக்கு முன்னம், “அந்த வீட்டுக்குள்ளை என்னடா சனமாய்க் கிடக்குது?” என்று ஒழுங்கையில் ஒருவர் கேட்டுவிட்டார். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது வெளியே தெரிந்தால், பெட்டைகளின் படிப்பு அன்றோடு நின்றுவிடும். எங்கள் தோலும் மிஞ்சாது. அப்போதுதான் என் மண்டைக்குள் ஒரு யோசனை வந்தது. சாமத்திய வீடு என்று சொல்லிவிடுவோம். மாமியின் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரிதாகிவிட்டது, சடங்கை இந்த வீட்டில் செய்கிறார்கள். சடங்கு வீடென்றால் சனமும் வரும், பாட்டும் கேட்கும். யார் கேட்கப் போகிறார்கள்? வாசல் படலையில் ஒரு தோரணம் கட்டினால் போதும்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டைக் கூட்டப் போனபோது தபால்காரர் வந்தார். நீலக் கடிதம், கனடா முத்திரை, மாமியின் மகனுடைய கோழிக்கிறுக்கல் எழுத்து. எனக்கும் சந்தோசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொடிகாமத்துக்குச் சைக்கிளில் போய் வருவதென்றால் அரைநாள் போய்விடும். டைனமோ சரியாக நிற்கும்படி சைக்கிளை அப்போதுதான் பூட்டி முடித்திருந்தேன், அதைக் கழற்ற மனமில்லை. நல்ல செய்திதானே, திங்கட்கிழமை கொண்டுபோகலாம் என்று கடிதத்தைக் கசெற் பெட்டிக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் மாமியின் தென்னையிலேயே குருத்து வெட்டினோம். தோரணத்தில் ஓலையைக் குருவி மாதிரி மடிப்பார்கள். குருநகர்க்காரன் கைவேலை தெரிந்தவன். ஒன்றைக் காட்டினால் நூறு செய்வான்.

“எத்தினை குருவியடா வைக்கிறது?” என்று கேட்டான்.

“மூண்டு காணும். கெதியாய் முடி” என்றேன்.

“தலை மேலையோ கீழையோ?”

“எப்பிடி வந்தால் என்ன, கட்டு.”

மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெடியன், அவனுக்கு எங்கள் முறை தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். வீட்டில் தோரணம் எப்போதும் ஐயாதான் கட்டுவார், நான் ஓலை எடுத்துக் கொடுத்ததோடு சரி. படலையில் கட்டிக்கொண்டு நிற்கும்போது, சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற ஒருவர் அந்த வழியால் வந்தார். எங்களைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு உருட்டிப் போனார். மரியாதை தெரிந்த மனிசன் என்று நாங்கள் சிரித்தோம்.

ஞாயிறு மூன்று மணி இருக்கும். உச்சக் கட்டம். நான் வியர்த்துக் கொட்டக் கொட்ட ஆடிக்கொண்டிருந்தேன். திடீரெனப் பாட்டு இழுபட்டு, அனுங்கி, நின்றது. பெடல் சுற்றிக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டு வாசலையே பார்த்தபடி இருந்தான்.

மாமி நின்றார். தலைமயிர் குலைந்து, சேலைத் தலைப்பு நிலத்தில் இழுபட, காலில் செருப்பில்லை. பின்னால் மருமகன், கொடிகாமத்தில் இருந்து அவரைச் சைக்கிள் கரியரில் ஏற்றி மிதித்துக்கொண்டு வந்த களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மாமி எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார்.

“படம் எங்கை?” என்றார். “என்ரை பிள்ளையின்ரை படத்துக்கு விளக்கு வைக்கேல்லையோ?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

குருநகர்க்காரன்தான் வாய் திறந்தான். “அம்மா, இது சாமத்திய வீடு...”

“சாமத்திய வீட்டுக்கு நாலு குருவி, தலை மேலை பார்க்க வேணும்” என்றார் மருமகன். “நீங்கள் மூண்டு குருவியைத் தலைகீழாய்த் தொங்கவிட்டிருக்கிறியள். அது செத்த வீட்டுத் தோரணம். கொடிகாமச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்த மனிசன் மத்தியானம் கண்ணீரோடை வந்து சொல்லிப்போட்டுப் போறார். மாமி வழி முழுக்கக் குழறி அழுதுகொண்டு வந்தவ.”

ஐயோ கடவுளே. அந்த நேரத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றியோடு போயிருப்பேன். கசெற் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

“மாமி, அவன் நல்லாய் இருக்கிறான் மாமி. கடிதம் வந்திருக்குது.”

எழுத்தைக் கண்டதும் மாமி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிரிக்கத் தெரியாமல் ஓரத்தைக் கிழித்து, வாய்க்குள் எழுத்துக் கூட்டி வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப மேலே போனார். கடிதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார். பெட்டைகளும் அழுதார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பிவிட்டேன் என்றுகூட நினைத்தேன், வெட்கங்கெட்டவன்.

அப்போது மாமி கண்ணைத் துடைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

“இது எப்ப வந்தது, தம்பி?”

இன்றைக்கு என்று சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லை. “வெள்ளிக்கிழமை” என்றேன்.

அவர் ரேடியோவைப் பார்த்தார், தலைகீழாக நின்ற சைக்கிளைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“ரெண்டு நாளாய் என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான் எண்டு உனக்குத் தெரியும்” என்றார். “எனக்குத் தெரியாது.”

பிறகு கையை நீட்டினார். காற்சட்டைப் பையில் இருந்த திறப்பை எடுத்துக் கொடுத்தேன்.