அந்தரத்தில் நின்ற சிவப்புப் புள்ளி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது என் அண்ணிக்கு நடந்தது. அண்ணி பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. பேய்தான் ஒதுங்கிப் போக வேண்டும், அப்படியொரு கோபக்காரி.

வீடுகளை அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அளவோடு நேரத்தையும் நிமிடம் தவறாமல் குறித்துக்கொள்வார். அதனால்தான் என்னால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

நகரத்தின் பழைய பகுதியில் ஒரு பருத்தி நூல் கிடங்கு. அதன் மூன்றாம் மாடியை வீடாக மாற்றி விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். ஒரே பெரிய கூடம். செங்கல் சுவர், இரும்புத் தூண்கள், ஆளுயர ஜன்னல்கள், பலகைத் தரை. பத்திரத்தில் நீளம் 18.40 மீட்டர். அண்ணி அளந்தபோது 17.85 வந்தது. வீட்டுக்காரர் போனில் கத்தினார்.

"அரை மீட்டரை முழுங்கிட்டியா? பத்திரத்துல இருக்கறத எழுதிக் கையெழுத்துப் போடு!"

அண்ணிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட வேற ஆளப் பாருங்க. நாளைக்கு மறுபடி அளக்கறேன். வர்றதுதான் வரும்."

மறுநாள் பட்டப்பகல், மூன்று மணி பத்து நிமிடம். வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. அண்ணி தூரம் அளக்கும் லேசர் மீட்டரை வாசல் பக்கச் சுவரில் வைத்து, எதிர்ச்சுவரைக் குறிபார்த்து அமுக்கினார். பீப்.

16.20.

"சனியனே" என்று மீட்டரைத் திட்டினார். பாட்டரியை மாற்றினார். பீப். 14.75. பக்கவாட்டில் அகலத்தை அளந்தார். அது பத்திரத்தில் இருந்தபடியே வந்தது. திரும்ப எதிர்ச்சுவர்... 11.30.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். லேசரின் சிவப்புப் புள்ளி சுவரில் இல்லை. கூடத்தின் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், அந்தரத்தில் நின்றது. நெஞ்சு உயரத்தில்.

லேசாக அசைந்தது. முன்னே... பின்னே... யாரோ மூச்சு விடுவது போல.

மூன்று பத்தொன்பது. பலகை கிறீச்சிட்டது.

பீப். 7.05. அண்ணி அமுக்கவில்லை.

பீப். 3.40.

பீப்.

0.60.

முகத்தில் வறண்ட மூச்சு பட்டது. அண்ணி சுவரோடு ஒட்டிக்கொண்டார். வாய் மட்டும் அடங்கவில்லை.

"தள்ளி நில்லுங்க! யார் மேல கோபமோ அவங்ககிட்டப் போங்க! நான் அளக்க வந்தவ!"

பீப். 1.90.

பீப். 4.25.

விலகியது... அண்ணி ஒரே ஓட்டமாக வெளியே வந்தார். படியில் வீட்டுக்காரர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"என்ன, இப்பவாவது சரியா வந்துச்சா?"

"உள்ள யாரோ இருக்காங்க."

"யாருகிட்ட கதை விடற?"

அண்ணி மீட்டரை அவர் கையில் திணித்தார். "அப்ப நீங்களே அளங்க."

மூன்று இருபத்து நான்கு. அவர் உள்ளே போனார். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

பீப்... பீப்... பீப். பீப். பீப்பீப்பீப்...

அலறல்.

கீழே கடை வைத்திருந்த பூட்டுக்காரர் கடப்பாரையோடு ஓடி வந்தார். இருவரும் சேர்ந்து கதவை நெம்பித் திறந்தார்கள். வீட்டுக்காரர் எதிர்ச்சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. பேச்சு இல்லை. உதட்டை மட்டும் நக்கிக்கொண்டே இருந்தார். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறார். டாக்டர்களுக்கும் காரணம் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு பூட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்படி வீடாக மாற்றும் முன்பு, அந்த மாடியில் முப்பது வருடம் வாடகைக்கு ஒருவர் இருந்தாராம். தனி ஆள். காலி செய்ய மாட்டேன் என்றாராம். வீட்டுக்காரர் முதலில் தண்ணீரை நிறுத்தினார். அப்புறம் ஆள் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லி, பூட்டை மாற்றச் சொன்னார். பன்னிரண்டாம் நாள்தான் திறந்து பார்த்தார்கள்.

"பூட்டு மாத்தினது நான்தாம்மா. உள்ள சத்தம் கேட்டுச்சு. பெருச்சாளின்னு சொன்னாரு. நானும் வாய மூடிக்கிட்டேன்."

அண்ணி அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"பெருச்சாளி எப்படிய்யா கத்துச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"'கதவத் திற... ஒரு வாய் தண்ணி குடு'ன்னு."