ரெண்டணா நாற்காலி

முடி வெட்டுறவன்கிட்ட விலை கேக்காத ஆளும் கிடையாது, சொன்ன விலையை ஒத்துக்கிட்ட ஆளும் கிடையாது. கத்திக்குக் கழுத்தைக் குடுத்து உக்காந்தவுகளுக்கும் இது தெரியும், கத்தியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவுகளுக்கும் தெரியும். நான் நின்ன கட்சி.

சின்னமனூர்க் கடைவீதியில எங்கண்ணன் சலூன் வச்சிருக்காரு. நான் ஆறாவது பாரம், அதான் எஸ்.எஸ்.எல்.சி., படிக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டா அங்கனதான் வேலை. எங்கப்பா கிராமத்துல வீடு வீடாப் போயி வெட்டுறவரு. அவருக்குக் கூலி, அறுப்புக்கு அறுப்பு களத்துல அளந்து போடுற நெல்லு. எத்தனை தலைக்கு எத்தனை படின்னு ஒரு வரைமுறையும் கிடையாது. அளக்குறவுக மனசு வச்சா நெல்லு, மனசு வைக்கலைன்னா பதரு. அதைப் பாத்து வயிறெரிஞ்சுதான், கடை தொறந்த அன்னிக்கு நானே ஒரு பலகையில பெயிண்டு அடிச்சு மாட்டுனேன்: "முடி வெட்ட ரெண்டணா. சவரம் ஓரணா. எல்லாருக்கும் ஒரே ரேட்டு."

மூணாவது வரியைப் படிச்சுட்டு அண்ணன், "இது எதுக்குடா வம்பு?"ன்னாரு. "அது இல்லைன்னா நான் கத்தியைத் தொடமாட்டேன்"னேன். அந்த ஒரு வரி நிக்கணும்னுதான் நான் ஒரு வருஷமா ஊர்ல எல்லார்கிட்டயும் வாயைக் குடுத்தேன். என்ன வாங்கிக் கட்டிக்கிட்டேன்னு நீங்களே பாருங்க.

கொல்லையில வளந்த முடி

மொத வாரமே எங்க கிராமத்துப் பண்ணைக்கார ஐயா வந்துட்டாக. எங்கப்பாவுக்கு நெல்லு அளக்குற கை அவுகளோடது. நாற்காலியைக் கால்விரலால தள்ளிப் பாத்து, "இதுல எவனெவன் உக்காந்தான்?"ன்னு கேட்டாக. "காசு குடுத்தவுக எல்லாரும்"னேன். அண்ணன் என் காலை மிதிச்சுட்டு, "நீங்க உக்காருங்க சாமி"ன்னு துண்டால மூணு தடவை தொடச்சாரு.

வெட்டி முடிச்சுக் கண்ணாடியைக் காட்டுனதும் எந்திரிச்சாக, மேல்துண்டை உதறுனாக, அவுக பாட்டுக்கு நடந்தாக. நான் வாசல்ல போயி மறிச்சு, "ரெண்டணா ஐயா"ன்னேன். "அதான் களத்துல அளக்குறேனே"ன்னாக. "அது எங்கப்பாவுக்கு. இது கடை"ன்னேன். பலகையை ஏறிட்டும் பாக்கல, என்னைய மேலயும் கீழயும் பாத்தாக. "ஏலே, உங்கப்பன் எங்க கொல்லையில குத்தவச்சு வெட்டுனதும் இதே முடிதான். அங்கன சும்மா வளந்தது, இங்கன வந்ததும் ரெண்டணாவுக்கு வளருதாக்கும்?"

இருபது வருஷத்து எண்ணெய்

ஏலக்கா மண்டி வச்சிருக்கிறவரோட மகன் ஒருத்தன் குடுமியோட வந்து, கிராப்பு வச்சு விடுங்கன்னான். மதுரைக் காலேஜுக்குப் போறானாம், அங்கன பயலுக சிரிக்கிறானுகளாம். நல்லா யோசிச்சியான்னு ரெண்டு தடவை கேட்டேன். இந்தத் தொழில்ல மட்டுந்தான் வெட்டுனதை ஒட்ட வைக்க வழியே கிடையாது. யோசிச்சாச்சுன்னான். வெட்டியாச்சு. ரெண்டணாவைக் குடுத்துட்டுக் கண்ணாடியில மூஞ்சியைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னான்.

அதுக்குள்ள அவுகப்பா வந்துட்டாரு. மகனை ஒரு வார்த்தை சொல்லல. கீழ கெடந்த குடுமியை எடுத்து, மடியில பிள்ளையை வைக்கிற மாதிரி வச்சுக்கிட்டாரு. அப்புறம் எங்கண்ணன் மேல கையை ஓங்கிக்கிட்டு வந்தாரு. நான் நடுவுல புகுந்து, "ஒங்க மகன் கேட்டாரு, வெட்டுனோம், காசும் குடுத்துட்டாரு"ன்னேன். மனுசன் அழுதுட்டாரு. அழுதுக்கிட்டே கேட்டாரு: "ரெண்டணா வெட்டுனதுக்குச் சரிடா. இருபது வருஷம் நான் தேய்ச்ச நல்லெண்ணெய்க்கு யாரு குடுப்பா, நீயா, உங்கண்ணனா?"

கணக்கு வாத்தியார்

எங்க கணக்கு வாத்தியாருக்கு மாசம் ஒரு கிராப்பு, வாரம் ரெண்டு சவரம். காசு மட்டும் ஒருநாளும் பையில இருந்ததில்ல. பரீட்சை நெருங்க நெருங்க சவரம் கூடிக்கிட்டே போச்சு. "மார்க்குப் போடுறவருடா, விடு"ன்னாரு அண்ணன். விட்டிருக்கலாம். சோப்பு நுரையோட அவரு மோவாயைத் தூக்கிக்கிட்டு இருக்கும்போது, "சார், நம்ம பலகையில வாத்தியாருக்குத் தள்ளுபடின்னு போடலையே சார்"னேன்.

கத்தி என் கையில. ஆனா பயந்தது நான்தான், அவரு இல்ல. கண்ணைத் தொறக்காமலே, பாடம் நடத்துற அதே கொரல்ல, கடையில இருந்த எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு: "நீ ஜியாமெட்ரி படிச்சு என்னடா பண்ணப்போற? தலையைச் சுத்தி வட்டம் போடுறதுக்கு உங்கப்பன் பழக்கிவிட்டது பத்தாதா?"

அந்தக் கணக்குப் பரீட்சையில எனக்கு எத்தனை மார்க்குன்னு கேக்காதீக.

மலையிலேர்ந்து ஒம்போது தலை

மேகமலை எஸ்டேட்டுக் கங்காணி ஒருநாள் ஒம்போது ஆளுகளைக் கூட்டிக்கிட்டு எறங்கி வந்தாரு. திருவிழாவுக்குச் சொந்த ஊரு போற ஆளுக. மொத்தமா வெட்டுனா என்ன ரேட்டுன்னாரு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அண்ணனே பலகையைக் கை காட்டிட்டாரு. எனக்கு ஒரே சந்தோஷம், அண்ணன் நம்ம கட்சிக்கு வந்துட்டாருன்னு.

மொதல்ல உக்காந்த ஆளு, என் வயசுதான் இருக்கும், மெல்லமாச் சொன்னான், "முன்னாடி மட்டும் கொஞ்சம் விடுங்கண்ணே, சீவிக்கிறதுக்கு." ஊர்ல பொண்ணு பாத்திருக்காகளாம். நான் சரின்னு சீப்பை எடுத்தேன். பின்னாடி நின்ன கங்காணி என் தோளைத் தட்டுனாரு. அந்தாளு வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கிட்டான். கங்காணி சொன்னது இதுதான்: "எல்லாருக்கும் ஒரே ரேட்டுன்னா எல்லாருக்கும் ஒட்ட வெட்டுப்பா. மூணு மாசத்துக்கு முடி வெட்டணும்னு ஒருத்தனும் மலையை விட்டு எறங்கப்படாது."

படியேறுன கருப்பையா

இதுவரைக்கும் மத்தவுக சொன்னதை எழுதுனேன். இது எங்க லட்சணம்.

கருப்பையா என் வகுப்பு. தெக்க இருக்கிற சேரியிலேர்ந்து வர்றவன். கடைசி பெஞ்சுல அவனுக்குன்னு தனி இடம், ரெண்டு பக்கமும் காலியாவே கெடக்கும். வீட்டுக் கஷ்டத்துக்குப் பரீட்சை வரைக்கும் காத்திருக்க முடியாம, உத்தமபாளையம் தாலுகா ஆபீஸ்ல ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். நேர்ல வரச்சொல்லிக் கடுதாசி வந்துச்சு. "இந்தத் தலையோடயா போகப்போற? நம்ம கடைக்கு வாடா. பலகையைப் பாத்தேல்ல, எல்லாருக்கும் ஒரே ரேட்டு"ன்னு சொன்னது நான்தான்.

மறுநாள் சாயங்காலம் வந்தான். வெளுத்த சட்டை, கையில ரெண்டணா. ரெண்டு படி இருக்கு எங்க கடைக்கு. ஒரு படி ஏறிட்டான். பெஞ்சுல காத்துக்கிட்டிருந்த ரெண்டு பேரு குனிஞ்சு செருப்பைத் தேடுனாக. அண்ணன் கத்திரியைக் கீழ வச்சுட்டு என்னைய உள்ள இழுத்தாரு. "என்னடா செஞ்சு வச்சிருக்க? அவன் உக்காந்தா நாளையிலேர்ந்து இந்த நாற்காலியில நீயும் நானுந்தான் மாத்தி மாத்தி உக்காரணும்"னாரு. "அப்ப பலகையில எழுதுனது?"ன்னேன். "எழுதுனது நீ. வாடகை குடுக்குறது நான்"னாரு.

பண்ணைக்காரர்கிட்டயும் வாத்தியார்கிட்டயும் வாய்க்கு வாய் நின்ன நான், அண்ணன்கிட்ட மட்டும் தலையை ஆட்டிட்டேன். நான் சோத்துக்குக் கை நீட்டுறது அவருகிட்ட. வெளிய வந்து பாத்தா கருப்பையா ஏறுன படியிலேர்ந்து தானா எறங்கி நடந்துக்கிட்டிருந்தான். ஓடிப்போயிப் பிடிச்சேன். "ஆத்தங்கரைக்கு வாடா. கத்திரி எடுத்துக்கிட்டு வர்றேன், நானே வெட்டிவிடுறேன். காசெல்லாம் வேண்டாம்"னேன். பெரிய தர்மம் பண்ற நெனப்புல சொன்னேன். அவன் கோவப்படக்கூட இல்ல.

"ஓசிக்கு வெட்டிவிட எங்க மாமன் இருக்காருடா. நான் ரெண்டணா கொண்டாந்தது அந்த நாற்காலிக்கு."

எந்தக் கடையில வெட்டுன?

அவுக மாமன்தான் வெட்டிவிட்டிருக்காரு. ஒரு காதுக்கு மேல படிப்படியா, இன்னொரு காதுக்கு மேல ஒண்ணுமே இல்லாம. அந்தத் தலையோடதான் போயிருக்கான். ஆபீசர் கடுதாசியைப் படிக்கிறதுக்கு முன்னாடி தலையைப் பாத்துச் சிரிச்சாராம். "எந்தக் கடையிலப்பா இப்பிடிக் கொதறுனாங்க?"ன்னு கேட்டாராம். இவன் எங்கண்ணன் கடைப் பேரைச் சொல்லிட்டான். அங்கன இருந்த குமாஸ்தாக்க எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாகளாம். வேலை வேற ஒருத்தனுக்குப் போயிருச்சு.

விஷயம் கடைவீதிக்கு வந்ததும் அண்ணன் குதிகுதின்னு குதிச்சாரு. நான் பள்ளிக்கூடத்துல கருப்பையாவைப் பிடிச்சு, "எங்க கடைக்குள்ள நீ காலே வைக்கலையேடா, ஏன்டா அப்பிடிச் சொன்ன?"ன்னு கேட்டேன். கடைசி பெஞ்சுல உக்காந்து பென்சில் சீவிக்கிட்டிருந்தான். தலையைத் தூக்காமச் சொன்னான்: "உங்க நாற்காலியில நான் உக்காந்தேன்னு ஒரு கவர்மெண்டு ஆபீஸ்லயாச்சும் நம்புனாகளேடா, அது போதும்."

ஆகக்கூடி, நல்ல சலூன் எதுன்னு தேடுறவுகளே, கத்திரியும் கண்ணாடியும் எல்லாக் கடையிலயும் ஒண்ணுதான், அங்கன யாரை உக்கார விடமாட்டாகன்னு கேட்டுப் பாருங்க, அதுதான் அந்தக் கடையோட ரேட்டு.